பதிவு இருந்தும் 'இல்லை' என்ற டிஎன்எஸ்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு பிராக்ஸிகள் (இணையத்துக்குப் போகும் வழியில் நிற்கும் இடைநிலை சர்வர்கள்). எதன் வழியாகப் போவது என்பதை உலாவியே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழி சொல்லும் பேக் (PAC) கோப்பை எழுதுவது பெரிய காரியமில்லை: உள் முகவரி என்றால் நேர் இணைப்பு, மற்றதற்கு முதல் பிராக்ஸி, அது படுத்தால் இரண்டாவது. டபிள்யூபேட்.டேட் (wpad.dat) என்று பெயரிட்டு வெப் சர்வரில் ஏற்றியாகிவிட்டது. பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் 'டபிள்யூபேட்' எங்கே என்று கேட்டுத்தான் உலாவி இந்தக் கோப்பைத் தேடிப் போகும். உயிரை வாங்கியது அந்த டிஎன்எஸ்.

டிஎன்எஸ் ஓடும் விண்டோஸ் சர்வரில் 'டபிள்யூபேட்' என்று பதிவு போட்டேன். திரையில் பளிச்சென்று தெரிகிறது. உலாவிகளோ கண்டுகொள்ளவே இல்லை. இதில் எரிச்சல் என்னவென்றால், கோப்பு கிடைக்காவிட்டால் உலாவி வாய் திறந்து சொல்லாது. சத்தமில்லாமல் நேர் இணைப்புக்குத் தாவிவிடும். ஃபயர்வால் அதைத் தடுக்கும். 'நெட் வேலை செய்யவில்லை' என்று எல்லாரும் என் மேசைக்கு வருவார்கள்.

பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களை அழைத்தேன். டிஎன்எஸ் மாற்றம் பரவ 24 மணி நேரம் ஆகும் என்றார் எடுத்தவர். பக்கத்து அறையில் இருக்கும் சர்வரிலிருந்து எங்கே பரவ வேண்டும்? அடுத்தவர் குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்.

கடைசியில் டிஎன்எஸ்ஸை நேரடியாகக் கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். மற்ற பெயர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் வருகிறது. டபிள்யூபேட் என்று கேட்டால் மட்டும் அப்படி ஒரு பெயரே இல்லையாம்! விண்டோஸ் சர்வர் 2008 முதல் டிஎன்எஸ்ஸில் ஒரு தடைப் பட்டியல் இருக்கிறது. டபிள்யூபேட், ஐசாடாப் என்ற இரு பெயர்களும் அதில் முன்கூட்டியே இருக்கும். பதிவு இருந்தாலும் பதில் தராது. நிர்வாகத் திரையில் அதற்கு அடையாளமே கிடையாது. பவர்ஷெல் போன்ற கட்டளைக் கருவியில் கேட்டால் தெரியும்.

காரணம் நியாயமானதுதான். யாராவது தன் கணினிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டால், மொத்த அலுவலகத்தின் இணையப் போக்குவரத்தும் அவர் கைக்குப் போய்விடும். அதனால் முதலில் உங்கள் பதிவைப் போடுங்கள். பிறகு டபிள்யூபேட்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுங்கள். பட்டியலையே முடக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்று. பேக் கோப்பில், முகவரி குறிப்பிட்ட நெட்வொர்க்கைச் சேர்ந்ததா என்று பார்க்கும் 'இஸ்இன்நெட்' (isInNet) சோதனையை முதல் வரியில் வைக்காதீர்கள். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது ஒவ்வொரு முறையும் டிஎன்எஸ்ஸைக் கேட்கும். பக்கங்கள் ஆமை வேகத்தில் திறக்கும். பெயரை மட்டும் பார்க்கும் சோதனைகள் முன்னால் வரட்டும்.

எல்லாம் ஓடியதும் துணிந்து வேலை நேரத்திலேயே முதல் பிராக்ஸியை நிறுத்திப் பார்த்தேன். கணக்குப் பிரிவிலிருந்துகூட ஒரு புகார் இல்லை. ஆனால் ஃபயர்பாக்ஸ், படுத்த பிராக்ஸியை 30 நிமிடம் ஒதுக்கி வைக்கும். அது எழுந்த பிறகும் போக்குவரத்து இரண்டாவதிலேயே ஓடினால் பதற வேண்டாம்.