விவாகரத்துத் தீர்ப்பின் நகலை மதுரை நீதிமன்றத்தில் பெறுவது

விவாகரத்து வழக்கு முடிந்த அன்று, இனி இந்த வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கவே கூடாது என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலானோர் வெளியேறுகிறார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு அது இயல்பானதுதான். ஆனால் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கையில் வாங்காமல் போனவர்கள், பல ஆண்டுகள் கழித்து, மறுமணத்தைப் பதிவு செய்யவோ, கடவுச்சீட்டில் இருக்கும் பழைய துணைவரின் பெயரை நீக்கவோ, இறந்துபோன தந்தையின் ஓய்வூதியத்தைக் கேட்கவோ, அதே வளாகத்துக்குத் திரும்பி வருகிறார்கள். அப்போது வழக்கு எண் நினைவில் இருப்பதில்லை. வழக்கை நடத்திய வழக்கறிஞர் தொழிலை விட்டிருப்பார் அல்லது உயிரோடு இருக்க மாட்டார். மதுரையில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் என்பதால், நகல் மனு எழுதுவது எனக்கு அன்றாட வேலை. அலைந்து களைத்துப்போய் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது, நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததா என்பதே. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் வட்டாரங்களில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி அத்துவிடுவது இன்றும் நடக்கிறது. நகையும் சீர்ச்சாமான்களும் திருப்பித் தரப்பட்டு, முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி வழக்கறிஞரின் முத்திரையும் விழுந்துவிட்டால், காரியம் முடிந்ததாக இரு வீட்டாரும் எடுத்துக்கொள்கிறார்கள். தன் அக்காவுக்காக அப்படியொரு பத்திரத்தைக் கொண்டுவந்த ஒருவர், "எழுதி வாங்கியாச்சுண்ணே, இதோட ஒரு காப்பி கோர்ட்டுல இருக்கும்ல?" என்று கேட்டார். இருக்காது என்று சொன்னபோது அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வழக்காற்றின்படி பெற்ற மணவிலக்கு உரிமையைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்காறு தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது. அந்த நிரூபணம் இல்லாத வெறும் பத்திரத்தை வைத்து மறுமணம் செய்துகொள்வது, குறிப்பாகப் பெண்ணுக்கு, பெரிய ஆபத்து. இப்படிப்பட்டவர்கள் தேட வேண்டியது நகலை அல்ல. இருவரும் இசைந்தால் 13-பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத மனுவைப் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

வழக்கு நடந்தது உறுதியென்றால், அடுத்து எந்த நீதிமன்றம் என்று பார்க்க வேண்டும். மதுரை நகரத்தில் 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. குடும்ப நீதிமன்றம் ஏற்படுவதற்கு முந்தைய வழக்குகளும், அதன் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களின் வழக்குகளும் சார்பு நீதிமன்றங்களில் (சப்-கோர்ட்டுகளில்) நடந்திருக்கும். பழைய வழக்கென்றால் மாவட்டப் பிரிவினைகளையும் நினைவில் கொள்ள வேண்டும். திண்டுக்கல் 1985-இலும் தேனி 1990-களிலும் மதுரையிலிருந்து பிரிந்த மாவட்டங்கள் என்பதால், இன்று தேனி மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்பவரின் பெற்றோர் வழக்கு அன்றைய மதுரை மாவட்ட நீதிமன்றத்திலேயே நடந்திருக்க வாய்ப்புண்டு. கிறிஸ்தவர்களின் வழக்கில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 2001-இல் திருத்தப்படும்வரை, மாவட்ட நீதிமன்றம் கொடுத்த மணவிலக்குத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது முழுமையடையும். ஆகவே அந்தக் காலத்துத் தீர்ப்புக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உறுதி ஆணை நகலும் சேர்த்துத் தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் சாவி வழக்கு எண்தான். இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வந்த வழக்குகளுக்கு எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகளோடு எண்ணும் ஆண்டும் இருக்கும். அது நினைவில் இல்லையென்றால், வீட்டில் பழைய பெட்டிகளைத் தேடச் சொல்வேன்: நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மன், மனுவின் எதிர்ப்படி, ஜீவனாம்ச மனுவின் உத்தரவு, வழக்கறிஞர் அனுப்பிய பதிவுத் தபாலின் நகல் என எதில் வேண்டுமானாலும் அந்த எண் இருக்கக்கூடும். அண்மைக்கால வழக்கென்றால் நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் என்ற தனி அடையாள எண் அங்கே கிடைக்கும். பெயரை ஆங்கிலத்தில் பல வகையாக எழுதிப் பார்க்க வேண்டும். ஒரே ஆளின் பெயரை மனுவில் ஒரு மாதிரியும் பதிவேட்டில் வேறு மாதிரியும் ஏற்றியிருப்பது நான் அடிக்கடி காண்பது. இணையத்தில் கிட்டாத பழைய வழக்குக்கு, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று சொல்லி, நீதிமன்றப் பதிவேடுகளில் தேடித்தருமாறு விண்ணப்பிக்க வேண்டும். தேட வேண்டிய ஆண்டுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு விரைவில் எண் கிடைக்கும் என்பதால், பிரிந்தது எந்தத் திருவிழாவுக்கு முன்பு, குழந்தை எந்த வகுப்பில் படித்தபோது என்றெல்லாம் குடும்பத்தாரிடம் கேட்டு ஆண்டை நெருங்கிவிட்டுப் போவது நல்லது.

எண் கிடைத்த பிறகு நகல் மனு. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், இருதரப்பார் பெயர்கள், தீர்ப்புத் தேதி, வேண்டும் ஆவணங்கள், எத்தனை படிகள், எதற்காக என்பவற்றை எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். கட்சிக்காரரே நேரில் கொடுக்கலாம். வழக்கறிஞர் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வழக்கறிஞருக்கு வக்காலத்து அனுப்பி அவர் மூலம் பெறுவதே சுலபம். மனுவுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. வழக்குத் தாள்களின் கட்டு ஆவணக் காப்பறையில் இருந்தால் அங்கிருந்து வரவழைத்து, எத்தனை பக்கம் வரும் என்று கணக்கிட்டு, அதற்குரிய முத்திரைத்தாளோ கட்டணமோ செலுத்தும்படி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தபாலில் தகவல் வரும் என்று காத்திருந்து, கெடுவுக்குள் கட்டாமல் விட்டால், மனு தள்ளுபடியாகிவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அருகில் இல்லாதவர்கள் வளாகத்துக்குப் போய்வரும் யாரையாவது அந்தப் பலகையைப் பார்க்கச் சொல்லி வைக்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் தேதிகளைப் பாருங்கள். மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், அது செலுத்தப்பட்ட நாள், நகல் தயாரான நாள், கொடுக்கப்பட்ட நாள் என்று வரிசையாக இருக்கும். மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவைக் கணக்கிடும்போது நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தைக் கழித்துக்கொள்ள 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவில் இடம் தருகிறது. அந்தக் கழிவுக்கு இந்தத் தேதிகள்தான் சான்று. நீங்கள் கட்டணம் கட்டாமல் கடத்திய நாட்களை அந்தக் கணக்கில் சேர்த்துக் கேட்க முடியாது.

என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். தீர்ப்புரை வேறு, தீர்ப்பாணை வேறு. காரணங்களை விரித்துச் சொல்வது தீர்ப்புரை. திருமணம் கலைக்கப்பட்டது, குழந்தை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு என்று முடிவை மட்டும் கட்டளையாகச் சொல்வது தீர்ப்பாணை. பல அலுவலகங்களில் தீர்ப்பாணை போதுமென்றாலும், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். பரஸ்பர சம்மத வழக்கென்றால் நீதிமன்றத்தில் கொடுத்த சமரசக் குறிப்பையும் கேளுங்கள், பணமும் பொருளும் பற்றிய விவரம் அதில்தான் இருக்கும். குடும்ப ஓய்வூதியத்துக்காக வருபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியரின் மகளுக்கு, பெற்றோர் இருவரும் இறந்த பின்னரே தீர்ப்பு வந்திருந்தாலும், அவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே வழக்கு தாக்கலாகியிருந்தால் ஓய்வூதியம் உண்டு என்று 2017-இல் தெளிவாக்கப்பட்டது. ஆகவே வழக்கு தாக்கலான தேதி தெரியும்படி அசல் மனுவின் நகலும் வேண்டும். இதை அறியாமல் தீர்ப்பாணையை மட்டும் வாங்கிப்போய் மறுபடி வருகிற பெண்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவின்படி, மணவிலக்குத் தீர்ப்பாணை வழங்கிய நீதிமன்றம் அதன் நகலை இருதரப்பாருக்கும் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்த கையோடு அதைக் கேட்டு வாங்குங்கள். அதோடு கட்டணம் கட்டி மேலும் இரண்டு மூன்று படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது, எதிர்த்தரப்பு வராமலேயே வழங்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்புகள்தான். கணவர் பிரிந்துபோய்ப் பல ஆண்டுகளாகி, அவர் வேறு திருமணமே செய்துகொண்ட பிறகு, "கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிட்டார்" என்று யாரோ சொல்லித்தான் சில பெண்களுக்குத் தெரிகிறது. பழைய முகவரிக்குச் சம்மன் போயிருக்கும், ஆள் இல்லையென்று திரும்பியிருக்கும், பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்கும். இவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அப்படிப்பட்டவர் அந்த வழக்கின் எதிர்மனுதாரர். மூன்றாம் மனிதர் அல்லர். நகல் கேட்க யார் அனுமதியும் அவருக்குத் தேவையில்லை. தீர்ப்பை மட்டுமன்றி, சம்மன் எப்படிச் சார்பு செய்யப்பட்டது, அதாவது உரியவரிடம் சேர்க்கப்பட்டது என்பதைக் காட்டும் தாள்களையும் அவர் கேட்க வேண்டும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவுக்கு 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சார்பாகவில்லையென்றால் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். எனவே செய்தி காதில் விழுந்த வாரத்திலேயே நகல் மனு போட வேண்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதியை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கொடுத்திருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தயங்காமல் போய்க் கேட்கலாம்.

வழக்கில் சம்பந்தப்படாதவர் கேட்பது வேறு கதை. மாப்பிள்ளைக்கு முதல் திருமணம் உண்மையிலேயே ரத்தாகிவிட்டதா என்று பெண் வீட்டார் விசாரிக்க வருவதுண்டு. மூன்றாம் நபர் எந்தக் காரணத்துக்காக நகல் வேண்டுமென்று சொல்லும் பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்ய வேண்டும். அதை அனுமதிப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் முடிவு. குடும்ப வழக்கின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே, இந்து திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவில் விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்வதோடு, அதன் விவரங்களை வெளியிடுவதையும் தடை செய்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழியிருக்கும்போது அந்த வழியில்தான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. பெண் வீட்டாருக்கு என் யோசனை ஒன்றுதான். மாப்பிள்ளையையே புதிதாக ஒரு சான்றளிக்கப்பட்ட நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உண்மையில் தீர்ப்பு பெற்றவருக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. ஜெராக்ஸை மட்டும் நம்பி நிச்சயதார்த்தம் வரை போகாதீர்கள்.

நகல் இருந்தாலே மறுநாள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்திருக்க வேண்டும், அல்லது மேல்முறையீடு செய்து அது தள்ளுபடியாகியிருக்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. இந்து திருமணச் சட்டமோ 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 90 நாள் என்கிறது. நகல் பெற எடுத்த நாட்களையும் கூட்டி, 90 நாள் கழிந்த பின் முகூர்த்தம் குறிப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி மேல்முறையீடு கிடையாது. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின்மேல் மேல்முறையீடு நடந்திருந்தால், 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளையிலோ, அதற்கு முந்தையதென்றால் சென்னையிலோ உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் எடுத்து இதனுடன் சேர்த்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால், தீர்ப்பு தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். அப்போஸ்டில் என்னும், வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்றொப்பத்தைக் கேட்கும் நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக அதைப் பெற வேண்டும்.

வழக்கில் சான்றாவணமாகக் கொடுத்த திருமணப் புகைப்படம், அழைப்பிதழ், நகை ரசீது, சில வேளை அசல் கல்விச் சான்றிதழே கூட, கட்டுக்குள் கிடக்கும். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அவற்றைத் திரும்பக் கேட்டு மனுச் செய்யலாம். காலம் தாழ்த்தினால் விதிப்படி அழிக்கப்படும் தாள்களோடு அவையும் போய்விடக்கூடும்.

நகலை வாங்கியவுடன், நகல் பிரிவின் வாசலில் நின்றே ஒருமுறை முழுதும் படியுங்கள். பெயரின் முதலெழுத்து, தந்தை பெயர், திருமணம் நடந்த தேதி, வழக்கு ஆண்டு ஆகியவற்றை ஆதாரோடும் கடவுச்சீட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நகலெடுத்ததில் பிழையென்றால் நகல் பிரிவிலேயே சொல்லித் திருத்திக்கொள்ளலாம். தீர்ப்பாணையிலேயே எழுத்துப் பிழை இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்கீழ் அதே நீதிமன்றத்தில் திருத்த மனு போட வேண்டும். அதற்குக் காலக்கெடு இல்லை, எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் போடலாம். திருத்தம் ஆன பிறகு கையிலிருக்கும் பழைய நகல் பயன்படாது. திருத்திய தீர்ப்பாணைக்கு மறுபடி நகல் மனு கொடுக்க வேண்டும்.