ஐ.ஐ.டி. ஜாம் இயற்பியல்: எல்லாவற்றையும் எலக்ட்ரான் வோல்ட்டில் யோசித்தேன்

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வான ஜாமின் ரிசல்ட் வந்தாயிற்று. எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்ட இடத்துக்குப் போதுமான ரேங்க் கிடைத்துவிட்டது, மனசு லேசாக இருக்கிறது. "அக்கா, மாடர்ன் பிசிக்ஸ் எப்படிப் படிச்சீங்க" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். சிலபஸ், மதிப்பெண் பிரிவு எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு உண்மையிலேயே மதிப்பெண் வாங்கித் தந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதப் போகிறேன்.

பழக்கம் இதுதான்: கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடக் கூடாது. அதில் வரும் ஆற்றல்களை எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்) எழுதி, எது பெரியது எது சிறியது என்று முதலில் பார்க்க வேண்டும். கிளாசிக்கலா, குவாண்டமா, சார்பியலா என்பது அந்த ஒப்பீட்டிலேயே பாதி தெரிந்துவிடும்.

அதற்கு மனப்பாடமாக இருக்க வேண்டியவை:

- அறை வெப்பநிலையில் கே-டி (போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் வெப்பநிலை, அதாவது வெப்ப ஆற்றலின் அளவு): 0.025 எலக்ட்ரான் வோல்ட்
- பிளாங்க் மாறிலி பெருக்கல் ஒளிவேகம்: 1240 எலக்ட்ரான் வோல்ட் நானோமீட்டர்
- எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட், புரோட்டானுக்கு 938
- ஹைட்ரஜன் அயனியாக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட்
- கூலும் மாறிலி பெருக்கல் எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கம்: 1.44 எலக்ட்ரான் வோல்ட் நானோமீட்டர்

அவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வர வேண்டும்.

இதில் நேரமும் மிச்சம். தேர்வறையில் நம் கால்குலேட்டர் கிடையாது, திரையில் இருப்பதை மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். 6.63, பத்தின் அடுக்கு மைனஸ் 34 என்று தட்டி, கீழே 9.1, மைனஸ் 31 என்று தட்டி, வர்க்கமூலம் எடுத்து முடிப்பதற்குள் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போகும், விடை எங்கோ போய் நிற்கும். 100 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல் உள்ள எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் வேண்டுமா? இரண்டு பெருக்கல் 5,11,000 பெருக்கல் 100, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10,100. 1240-ஐ அதால் வகுத்தால் 0.123 நானோமீட்டர். தாளிலேயே முடிந்துவிட்டது. அப்புறம் 0.123 என்பது படிகத்தில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தின் அளவில் இருப்பதையும் கவனியுங்கள், 1927-ல் டேவிசனும் ஜெர்மரும் 54 வோல்ட்டில் நிக்கல் படிகத்தில் விளிம்பு விளைவைப் பார்க்க முடிந்ததன் காரணம் அந்த ஒற்றை எண்ணிலேயே இருக்கிறது. அறை வெப்பநிலை நியூட்ரானுக்கும் போட்டுப் பாருங்கள், 0.18 நானோமீட்டர் வரும். நிறை சுமார் 1840 மடங்கு அதிகம், ஆற்றல் சில ஆயிரம் மடங்கு குறைவு, ஆனாலும் அலைநீளம் கிட்டத்தட்ட அதே அளவில் வந்து நிற்கிறது. இதைக் கையால் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அழகு தெரியும்.

இந்தப் பழக்கம் எனக்கு முழுசாகப் பிடிபட்டது தன் வெப்ப ஏற்புத்திறனில். மாடர்ன் பிசிக்ஸில் கூட இல்லை. பிளஸ் ஒன்னில் ஈரணு மூலக்கூறுக்கு சுதந்திர இயக்கக் கூறுகள் (தனித்தனியாக இயங்கும் வழிகள்) ஐந்து, அதனால் 5/2 ஆர் (ஆர் என்பது வாயு மாறிலி) என்று எழுதி மார்க் வாங்கினோம். ஏன் ஐந்து? இரண்டு அணுக்களும் ஸ்பிரிங் போல அதிர்கின்றன என்றால் ஒவ்வொரு கூறுக்கும் சமமான ஆற்றல் என்ற சமபங்கீட்டு விதிப்படி அதற்கும் இரண்டு பங்கு உண்டு, ஏழு வர வேண்டும். மேக்ஸ்வெல் காலத்திலேயே இது பெரிய தலைவலி. இப்போது எண்களைப் பாருங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் அதிர்வு நிலை ஒரு படி ஏற ஏறத்தாழ 0.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அறையில் கே-டி 0.025. இருபது மடங்கு வித்தியாசம், ஒரு நிலையில் இருக்கும் வாய்ப்பைத் தரும் போல்ட்ஸ்மன் காரணியில் போட்டால் சுமார் 50 கோடி மூலக்கூறுகளில் ஒன்றுதான் அந்தப் படியில் இருக்கும். அதிர்வு உறைந்து கிடக்கிறது, ஏழு ஐந்தாகிறது. சுழற்சிக்கு முதல் படி வெறும் 0.015. அறையில் அது தாராளமாகச் சுழலும். 50 கெல்வினுக்கு இறக்கினால் கே-டி 0.0043 ஆகிவிடும், சுழற்சியும் நின்றுபோய் 3/2 ஆர்-க்கு வந்துவிடும். ஒரே வாயு, ஒரே வரைபடம், அதில் கிளாசிக்கலும் குவாண்டமும் பக்கத்தில் பக்கத்தில். தாமிரத்தின் கடத்து எலக்ட்ரான்களுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: ஃபெர்மி ஆற்றல் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச நிலையின் ஆற்றல்) 7, கே-டி 0.025. அறை வெப்பநிலையிலும் அவை குவாண்டம்தான், வெப்ப ஏற்புத்திறனில் அவற்றின் பங்கு ஏன் அத்தனை சொற்பம் என்பது உடனே விளங்கும்.

எங்கள் கல்லூரியில் வெப்ப இயற்பியல் ஒரு செமஸ்டர், குவாண்டம் வேறொரு செமஸ்டர், வேறு ஆசிரியர், வேறு நோட்டு. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் வாய் திறந்ததில்லை. பத்து மார்க் வருவித்தலை வரி பிசகாமல் எழுதினால் போதும் என்று மூன்று வருஷம் ஓட்டினார்கள், எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் அதனாலேயே ஜாம் தாளைப் பார்த்து மிரண்டுபோனார்கள். அந்த வருவித்தல் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைத்தான் இந்தத் தேர்வு கேட்கிறது.

பெட்டிக்குள் துகள், அதாவது குறிப்பிட்ட நீளத்துக்குள் அடைபட்ட துகளின் ஆற்றல் நிலைகள், விஷயத்துக்கு வருகிறேன், நிச்சயம் எதிர்பார்க்கலாம். ஒரு நானோமீட்டர் பெட்டியில் எலக்ட்ரானின் தாழ்நிலை ஆற்றல் 0.376 எலக்ட்ரான் வோல்ட். நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் 37.6, அணுவின் ஆற்றல் அளவுக்கு வந்துவிட்டோம். அதே 1240-ஐ மெகா எலக்ட்ரான் வோல்ட், ஃபெம்டோமீட்டர் என்று மாற்றினாலும் 1240-தான், ஆகவே அணுக்கருவுக்கும் அதே கணக்கு. 10 ஃபெம்டோமீட்டர் பெட்டியில் ஒரு நியூட்ரானைப் போட்டால் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். அணுக்கரு ஆற்றல்கள் எல்லாம் ஏன் மெகாவில் இருக்கின்றன என்று இதைவிட எளிதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதே பெட்டியில் எலக்ட்ரானைப் போட்டால்? பழைய சூத்திரம் கொடுக்கும் ஆற்றல் 0.511-ஐவிடப் பல மடங்கு பெரிதாக வரும், அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்துங்கள், சார்பியல் வந்துவிட்டது. உந்தம் பெருக்கல் ஒளிவேகம் என்று போட்டால் 62 மெகா எலக்ட்ரான் வோல்ட். பீட்டா சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான்களிடம் பொதுவாக இருப்பதோ சில மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். அணுக்கருவுக்குள் எலக்ட்ரான் ஏற்கெனவே குடியிருக்கவில்லை என்ற வாதம் இரண்டு வரியில் முடிந்தது.

காம்ப்டன் சிதறலும் (எலக்ட்ரானில் மோதிய ஃபோட்டானின் அலைநீளம் கூடுவது) இப்படித்தான், ஃபோட்டான் ஆற்றலை 0.511-ஆல் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு 2, 3 எலக்ட்ரான் வோல்ட், விகிதம் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே, மாற்றமே தெரியாது. 1923-ல் காம்ப்டன் பயன்படுத்திய மாலிப்டினம் எக்ஸ் கதிருக்கு அலைநீளம் 0.071 நானோமீட்டர், 90 டிகிரியில் மாற்றம் 0.0024, அதாவது மூன்று சதவீதத்துக்கு மேல். ஃபோட்டான் ஆற்றல் சரியாக 0.511 மெகாவாக இருந்தால் 90 டிகிரியில் அது பாதியாகும். கேள்வி எழுதுபவர்களுக்கு இந்த மாதிரி எண்கள் ரொம்பப் பிடிக்கும்.

மற்றவை, வேகமாக:

- பெட்டியைத் திடீரென இரண்டு மடங்காக்கினால் சராசரி ஆற்றல் மாறாது. புதிய தாழ்நிலையில் இருக்கும் நிகழ்தகவு 0.36. தொகையீட்டை ஒருமுறையாவது கையால் போடுங்கள்.
- இரண்டு துகள்களை மூன்று நிலைகளில் வைக்கும் வழிகள்: மேக்ஸ்வெல்-போல்ட்ஸ்மன் 9, போஸ்-ஐன்ஸ்டைன் 6, ஃபெர்மி-டிராக் 3. தற்சுழற்சி சொல்லியிருந்தால் எண்ணிக்கை மாறும், கேள்வியை இரண்டு தரம் படியுங்கள்.
- முப்பரிமாணப் பெட்டியில் மூன்று பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டு அப்புறம் சமஆற்றல் நிலைகளை எண்ணுங்கள்.
- விடையை எண்ணாக எழுதும் பிரிவில் நெகட்டிவ் கிடையாது. நான் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். எனக்கு நிதானமாகக் கணக்குப் போடப் பிடிக்கும், நான்கு விடைகள் கண் முன்னால் இருந்தால் மனசு அலையும். வேகமாக ஒதுக்கித்தள்ளத் தெரிந்தவர்கள் முதல் பிரிவிலிருந்தே போகலாம்.
- பல விடைப் பிரிவில் பாதி சரிக்குப் பாதி மார்க் என்பதெல்லாம் இல்லை. முழுசாகத் தெரிந்ததற்கு மட்டும் நேரம் கொடுங்கள்.
- எலக்ட்ரானிக்ஸ் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், டையோடும் ஆப்-ஆம்பும் பார்த்துவிட்டு மீதி நேரத்தை இயக்கவியலுக்குக் கொடுத்தேன்.

கோச்சிங் போகாமல் படிப்பவர்களுக்கு ஒன்று. பழைய தாள்களிலிருந்து மாடர்ன் பிசிக்ஸ் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எதையும் போட்டு முடிக்க வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் அதில் வரும் ஆற்றல்கள் எவை, எது எதைவிட எத்தனை மடங்கு என்று மட்டும் எழுதுங்கள். மறுநாள் அந்தக் குறிப்பைப் பார்த்துக் கணக்கைப் போடுங்கள். இது கைவந்ததும் வெப்ப இயற்பியல் கேள்விகளுக்கும் இதையே செய்யுங்கள், அங்கே கே-டி-யிலிருந்து தொடங்கினால் போதும்.