மே, கீ: மார்ச் நாட்குறிப்பு

மார்ச் 4, திங்கள்

மடிக்கணினியில் பிராட் இறக்கியாகிவிட்டது. இலவசம்தான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் போர்ஸ்மா, வேனிங்க் என்ற இருவர் எழுதிய, பேச்சொலியை அளக்கிற மென்பொருள். டச்சு மொழியில் பிராட் என்றால் 'பேசு' என்று அர்த்தமாம். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

அண்ணன் ஜொகூரிலிருந்து கூப்பிட்டான். "அதான் அப்பா நல்லா பேசுறாரே, அப்புறம் என்ன?" என்கிறான். பேசுகிறார். மூளை பாதிக்கப்பட்டும் சொல் ஒன்றும் தொலையவில்லை, உச்சரிப்பும் குழறவில்லை. ஆனால் நேற்று மத்தியானம் "மழை வருது" என்றார், ஐந்து நிமிடம் கழித்து "எனக்குப் போதும்" என்றார், இரண்டும் ஒரே குரல், பலகை மாதிரி. அம்மா ரசம் ஊற்றுவதை நிறுத்திக்கொண்டாள். அவர் ரசத்தைத்தான் சொன்னாரா என்று எனக்கு இப்போதுவரை தெரியவில்லை.

மார்ச் 6

அப்பாவின் பழைய குரல் என் போனில் நாற்பத்தொரு பதிவுகளாக இருக்கிறது. எல்லாம் போன வருடம் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, எல்லாம் "பாப்பா" என்றுதான் ஆரம்பிக்கும். வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா, அம்மா மாத்திரையை மறந்துடாதே, இந்த மாதிரி. ஒன்றைப் பிராட்டில் திறந்தேன். கறுப்பு அலையும் அதற்குக் கீழே சாம்பல் படமும் வந்தன, அந்தப் படத்தின் மேலே நீலக் கோடு ஓடுகிறது. அந்த நீலம்தான் குரலின் சுருதி. 'பா'வில் விறுவிறுவென்று ஏறுகிறது, 'ப்ப' வந்ததும் அறுந்துபோகிறது ('ப்ப'வுக்கு உதடு மூடியிருக்கும்போது தொண்டை அதிராது, அதிராத இடத்தில் சுருதி கிடையாது), அந்தப்பக்கம் 'பா'வில் மறுபடி பிடித்துக்கொண்டு வளைந்து இறங்குகிறது. நடுவிலே வெறும் இடம். அங்கே கோடு இல்லை என்று கேட்கும்போது தெரிவதே இல்லை, காது தானே பாலம் போட்டுக்கொள்கிறது.

பதினேழு தடவை கேட்டேன்.

மார்ச் 7

மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு சுத்தமாக வருகிறது, நிறுத்தினால் அப்பாவுக்கு வியர்த்து ஊற்றுகிறது.

மார்ச் 9, சனி

டோபி. பேச்சின் ஏற்ற இறக்கத்தை எழுத்தில் குறிக்க 1992-ல் வந்த முறை. அம்மாவிடம் "டோபி படிக்கிறேன்" என்றேன், அவள் கடைத்தெருவில் காசு போட்டுத் துவைக்கிற டோபிக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அப்பாவின் போர்வை இரண்டையும் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சரி என்று போனேன். இயந்திரம் சுற்றுகிற நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

எச் என்றால் உயரம், எல் என்றால் தாழ்வு. இந்த இரண்டே இரண்டு நிலைதான், மூன்றாவது கிடையாது. பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் அழுத்தம் விழும் அசை, விழுக்காட்டுக் குறி போட்டால் பேச்சுத்துண்டின் முடிவு, முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் முந்தைய உயரத்திலிருந்து ஒரு படி இறங்கிய உயரம். இன்னொரு வரிசையில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே எவ்வளவு பிரிவு என்பதற்கு 0 முதல் 4 வரை எண். ஜேனட் பியர்ஹம்பெர்ட் 1980-ல் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் போட்ட அடித்தளம் இது. ஆங்கிலத்துக்கென்று செய்த முறை, அப்படியே தூக்கித் தமிழில் வைக்க முடியாது. தமிழ் ஒலியமைப்பை எலினோர் கீன் தனியாக ஆராய்ந்து 2014-ல் எழுதியிருக்கிறார்: தமிழில் ஒவ்வொரு துண்டும் கீழே தொடங்கி முடிவில் ஏறும், மறுபடி கீழே தொடங்கி ஏறும், கடைசித் துண்டில்தான் இறங்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு, காலையிலே, ஈப்போவுக்கு, போறோம். ஏறி ஏறி ஏறி இறங்கியது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா சிரித்தார்.

என் நோட்டில் எச், எல் வேண்டாம். மேலுக்கு 'மே', கீழுக்கு 'கீ'.

ஒன்று மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'மே' என்றால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று இந்த முறை கேட்பதே இல்லை. பக்கத்தில் இருப்பதைவிட மேலே, அவ்வளவுதான். அப்படியானால் ஒருவர் குரல் எவ்வளவுதான் சுருங்கினாலும், வடிவம் மிச்சமிருந்தால் எழுத்து மாறாது.

மார்ச் 10

பழைய "பாப்பா": மேலே 208 ஹெர்ட்ஸ், கீழே 110. கிட்டத்தட்ட 11 செமிடோன். (ஹெர்ட்ஸ் இரண்டு மடங்கானால் 12 செமிடோன், அதாவது கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரை.)

இன்றைய "பாப்பா": 123, 109. இரண்டு.

மார்ச் 12, செவ்வாய்

அப்பாவின் பேச்சுப் பயிற்சிக்கு ஈப்போ போய் வந்தோம். வீட்டில் செய்ய ஒரு தாள் கொடுத்தார்கள். ஆறு வாக்கியம், ஒவ்வொன்றின் மேலும் ஏறு அம்பு, இறங்கு அம்பு. ஆறும் மலாயில். "டா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா) என்று ஏற்றிச் சொல்ல வேண்டும், "டா மாக்கான்" (சாப்பிட்டாச்சு) என்று இறக்கிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மலாய் நன்றாகவே வரும், முப்பது வருடம் அந்த மொழியிலும்தானே வேலை வாங்கினார். ஆனாலும் வீட்டில் அவர் எங்களோடு மலாயில் பேசப்போவதில்லையே. தமிழில் ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்டதற்கு "ஒரே மாதிரிதான் அம்மா, வீட்டில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

ஒரே மாதிரி இல்லை. வழியெல்லாம் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். தமிழில் ஓர் 'ஆ' போதும், கேள்வி வந்துவிடும். "பாப்பா வந்துட்டாளா" என்று அப்பா தட்டையாகக் கேட்டாலும் அது கேள்விதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏகாரம், ஓகாரம், 'தான்', 'லா', இப்படி வாலில் ஒட்டுகிற ஒவ்வொன்றும் குரல் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைத் தூக்கிக்கொள்கிறது. இலக்கணம் அவருக்குக் கைத்தாங்கலாக நிற்கிறது. அதனால்தான் அண்ணனுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

'போதும்' என்ற சொல்லுக்கு வாலில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

மார்ச் 13

தூக்கம் வரவில்லை. 1941-ல் ஒஸ்லோவில் விமானக் குண்டுவீச்சு, ஒரு பெண்ணுக்குத் தலையில் காயம். பிழைத்து எழுந்தபோது அவள் நார்வே மொழியின் இசை மாறிப்போய், கேட்பவர்களுக்கு ஜெர்மன்காரி பேசுவதுபோல இருந்தது. ஊரோ ஜெர்மன் பிடியில் இருக்கிறது. கடைகளில் அவளுக்குச் சாமான் கொடுக்க மறுத்தார்கள். அவளைப் பார்த்த மருத்துவர் மொன்ராட் குரோன் 1947-ல் எழுதிவைத்தார். சொல் சரியாக இருந்தும் ஓசையால் ஒருத்தி சொந்த ஊரிலேயே அந்நியமாகிவிட்டாள்.

அப்பாவுக்கு மூளையில் பாதிப்பு வலது பக்கம். எலியட் ராஸ் 1981-ல் எழுதியது எல்லாம் வலது பக்கத்தைப் பற்றித்தான். உணர்ச்சியை ஓசையில் காட்ட முடியாமல் போனவர்களுக்கு உள்ளே உணர்ச்சி போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. இந்த ஒரு வரியை அண்ணனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது.

மார்ச் 15, வெள்ளி

அக்கா கல்யாண வீடியோவில் அப்பா இருக்கிறார்! பந்தி நடக்கிறது, வாழையிலை போதவில்லை, அப்பா மண்டப வாசலில் நின்று கார் நிறுத்துகிற இடத்தில் இருக்கிற யாரையோ கூப்பிடுகிறார். "மணியேஏஏ". பெரட்டுக் களத்துக் குரல் அப்படியே, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக் குரல். விடியற்காலை இருட்டில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், லயத்துக் கடைசி வீடுவரை கேட்கும். தண்டல் வேலையில், அதாவது ஆட்களை மேய்க்கிற வேலையில், பாதி தொண்டைதான் என்பார்.

அளந்தேன். 262-ல் ஒரே நேராக நிற்கிறது, அப்புறம் 220-க்கு ஒரு படி இறங்கி அங்கேயும் நேராக நிற்கிறது. வளைவே இல்லை, படிக்கட்டு. மூன்று செமிடோன். கர்நாடக சங்கீதத்தில் சொன்னால் சாதாரண காந்தாரத்திலிருந்து ஸட்ஜத்துக்கு. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பல மொழிகளில் இப்படித்தான் விழுகிறதாம், ராபர்ட் லாட் 1978-ல் இந்தப் படிக்கட்டு ஓசையைப் பற்றி எழுதியிருக்கிறார். டோபியில் அதற்கு எச் நட்சத்திரம், பிறகு ஆச்சரியக்குறி போட்ட எச், முடிவில் எல். என் நோட்டில்: மே, ஒரு படி இறங்கிய மே, கீ.

தொல்காப்பியத்தில் விளிமரபில் இருக்கிறது இது. சேய்மையில் இருப்பவரை விளிக்கும்போது பெயர் தன் அளபைக் கடந்து இசைக்கும் என்று. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அளபிறந்து. அப்பா தினமும் காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

நன்னூலில் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று மூன்று சொல் இருக்கிறது. உயர்த்துவது, தாழ்த்துவது, நடுவில் நிறுத்துவது. நலிதல். இப்போது அப்பாவின் குரல் முழுக்க முழுக்க அதுதான்.

மார்ச் 16

மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் நீலக் கோடு எங்கெங்கோ புள்ளி புள்ளியாகச் சிதறுகிறது. எதையும் அளக்கவில்லை. அம்மா ரமலான் சந்தையில் முர்தபா வாங்கி வந்தாள். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார், பிடித்திருந்ததா என்று கேட்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இன்று செய்து பார்த்தேன். "சாப்பிட்டாச்சு" என்பதை ஐந்து முறை செய்தியாக, ஐந்து முறை கேள்வியாக. அப்பாவிடம் சீட்டு காட்டினேன், சீட்டில் முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ இருக்கும், அதற்குத் தகுந்தபடி சொல்ல வேண்டும். பத்தையும் கலைத்துப்போட்டு அம்மாவுக்குக் காதில் மாட்டிவிட்டேன். அம்மா ஏழு சரியாகச் சொன்னாள். ஏழு! குருட்டாம்போக்கில் சொன்னால் ஐந்துதான் வரும்.

உடனே பெரிதாக்கிப் பார்த்தேன். கேள்வியில் கடைசி 'சு' கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மேலே. 114-லிருந்து 121. திரையில் சாதாரண அளவில் பார்த்தால் நேர்கோடு, அளவுகோலை 100-லிருந்து 130 என்று சுருக்கினால் ஏறுகிறது. வடிவம் இருக்கிறது. உள்ளே மே, கீ எல்லாம் அதன் அதன் இடத்தில் இருக்கிறது, வெளியே வருகிற கதவுதான் சின்னதாகிவிட்டது. நோட்டில் பழைய பதிவையும் புதியதையும் எழுத்தில் போட்டேன், ஒரே எழுத்து.

அப்பாவிடம் காட்டினேன். "ம்" என்றார். 112. தட்டை.

மார்ச் 19

ட ஹார்ட் என்ற டச்சு ஆய்வாளர், 1981: மூன்று செமிடோனுக்கு மேற்பட்ட வேறுபாடுதான் பேச்சில் அர்த்தம் கடத்தப் பயன்படும்.

அப்பாவுடையது ஒன்று.

மார்ச் 21

அம்மாவுக்குத் திரும்பவும் வைத்தேன். ஐந்து. பத்துக்கு ஐந்து. "என்னாடி இது, எனக்குத் தலை வலிக்குது, அவரை விடு" என்றாள். அப்பா அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார். சாயங்காலம் முழுக்க அவரிடம் போனைக் கொண்டுபோகவில்லை.

மார்ச் 22

ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1909-ல் பேச்சின் சுருதிக் கோடு வரைந்த விதம்: கிராமபோன் தட்டை ஓடவிட்டு, அசைக்கு அசை ஊசியைத் தூக்குவாராம். தூக்கிய நொடியில் காதில் கடைசியாக நின்ற சுருதி எதுவோ அதைக் குறித்துக்கொள்வார், மறுபடி ஊசியை வைப்பார். கருவி எதுவும் அளக்கவில்லை, காதுதான். நானும் இரவெல்லாம் அப்படித்தான் செய்கிறேன் என்று இன்று தெரிந்தது, ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி. ரொட்டி வாங்கிட்டு. ரொட்டி வா. ரொட்.

அந்தப் 'போதும்' மட்டும் பதிவில் இல்லை. அன்று பதிவு செய்ய ஆரம்பித்திருக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நாளை பங்குனி உத்திரம். கோவில் பக்கமிருந்து மேளம் கேட்கிறது. அப்பா சன்னலோரம் உட்கார்ந்து கேட்டார், வலது கை விரல் கட்டிலில் தாளம் போட்டது. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை முழுக்கப் பதிவு செய்து, ஜெஃபர்சன் முறையில் எழுதினேன். நீட்டினால் முக்காற்புள்ளி, ஏறினால் மேல் அம்பு, இறங்கினால் கீழ் அம்பு, மௌனத்துக்கு அடைப்புக்குறிக்குள் வினாடி. உரையாடலை ஆராய்கிறவர்கள் பயன்படுத்துவது. இதில் பிடித்தது என்னவென்றால் ஒருவரை மட்டும் தனியாக எழுத முடியாது, கூட இருப்பவரும் வரிக்கு வரி வந்தாக வேண்டும்.

அம்மா: இன்னும் கொஞ்:::சம் ↑ஊத்தவா
(2.6)
அப்பா: போதும்
(0.4)
அம்மா: ↓சரி. ரசம் போதுமா எல்லாமே ↑போதுமா
(1.9)
அப்பா: ரச::ம்

அம்மா கேட்டிருக்கிறாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்த நேரத்தில் கவனிக்கவே இல்லை, எழுதும்போதுதான் பார்த்தேன். ஓசையில் இல்லாததை அவள் கேட்டே வாங்கிக்கொள்கிறாள். எத்தனை நாளாக இப்படிக் கேட்கிறாள்? 'ரசம்' நீண்டிருக்கிறது. சுருதியைப் பார்த்தேன், ஏறவில்லை, ஆனால் நீண்டிருக்கிறது, 'ச' மட்டுமே 0.31 வினாடி. இத்தனை நாளும் நீலக் கோட்டின் உயரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எங்கே நீட்டுகிறார் என்று அளக்காமல் விட்டுவிட்டேன். நாற்பத்தொரு பதிவையும் திரும்ப எடுக்க வேண்டும்.

மார்ச் 25

நாற்பத்தொன்றில் பத்து முடிந்தது.

மார்ச் 26

இரவு 2.10. கூப்பிட்டார். போன் கூடத்தில் சார்ஜில் இருக்கிறது, போய் எடுத்துவந்தால் மறந்துவிடும், அதனால் கையில் கிடைத்த காலண்டர் தாளின் பின்னால் எழுதுகிறேன். பா, மே. ப்பா, கீ, ஆனால் நீளம், நல்ல நீளம், நான் பக்கத்து அறையில் படுத்திருக்கிறேன் என்று தெரிந்த நீளம். மறுபடி கூப்பிடுகிறார்