எண்ணூர் ரோடும் ஒரு கம்பித் துணுக்கும்

சைக்கிள் பஞ்சருக்கு நூற்றைம்பது ரூபாய். எழுத்துப் பிழை இல்லை. சாதா சைக்கிளாக இருந்தால் முப்பதோ நாற்பதோ வாங்கியிருப்பார். ஒல்லி டயரையும் வளைந்த ஹேண்டில்பாரையும் பார்த்ததும் ரேட் ஏறிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, ஒட்டிய வேலை கொஞ்ச தூரம்கூடத் தாங்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான், கைக்கரி போவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்று எண்ணூர் வரை சைக்கிளில் போய் வந்த கதையை வழி, செலவு, சாப்பாடு, பஞ்சர் என்று வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் திட்டம். பார்க்கலாம்.

வழி சுலபம். பெரம்பூரில் கிளம்பி ராயபுரம், காசிமேடு, பிறகு கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர். வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கூட வந்தது மாமா பையன்.

சென்னையில் ரோடு பைக், அதாவது இந்த மாதிரி ஒல்லி டயர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தெற்கே ஈசிஆருக்குத்தான் ஓடுகிறார்கள். வடக்கே வாருங்கள் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள். இங்கே இருப்பதும் அதே வங்காள விரிகுடாதான். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் தூண்களோடு நிற்கிறது, விடியற்காலையில் அதன் முன்னால் கூட்டமே கிடையாது. ஈசிஆரில் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசுக்கு இங்கே இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிடலாம். சாப்பாட்டுக் கதை அப்புறம்.

பிரச்சினை லாரி. இடித்துவிடுமோ என்பதைச் சொல்லவில்லை, அது விட்டுப்போகும் குப்பையைச் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இந்த ரோட்டில் நாளெல்லாம் ஓடுகின்றன, ஓரம்கட்டி வரிசையிலும் நிற்கின்றன. லாரியின் ரேடியல் டயருக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகள் பின்னியிருக்கும். டயர் வெடித்தால் ரப்பரோடு அந்தக் கம்பியும் பிய்ந்து சிதறும். பெரிய துண்டு என்றால் பார்த்து ஒதுங்கிவிடலாம். மீசை மயிர் அளவு கம்பித் துணுக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. போகிற வண்டிகள் எல்லாக் குப்பையையும் ரோட்டோரத்துக்குத் தள்ளிவிடும், நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான்!

முதல் பஞ்சர் மாமா பையனுக்கு, காசிமேடு தாண்டியதும். பள்ளத்தின் விளிம்பில் டொக்கென்று ஒரு சத்தம், உடனே காற்று போய்விட்டது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல். இது ஆணி வேலை இல்லை. காற்று குறைவாக இருந்தால் டயர் நசுங்கி, பள்ளத்து விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் கடிபட்டுவிடும். இந்த ஒல்லி டியூபில் சும்மா நிறுத்தி வைத்தாலே காற்று இறங்கும், வாரம் ஒருமுறையாவது அடிக்க வேண்டும். அதற்காக டயர் பக்கத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு அடித்துவிடவும் கூடாது. அது தாண்டக் கூடாத அளவு, அவ்வளவுதான். கல்லாக அடித்தால் முதுகுதான் போகும். எழுபது கிலோ ஆளுக்கு 28 மி.மீ. அகல டயரில் காற்றழுத்தம் பின்னால் 75, 80 பிஎஸ்ஐ போதும், முன்னால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

ஐயா ஸ்பேர் டியூப் கொண்டுவரவில்லை. என்னுடையது அவன் சக்கரத்துக்குப் போனது. கடையில் நானூறு ரூபாய்.

திருவொற்றியூரைத் தாண்டினோம். பொம்மை பலூன் செய்ய 1946-ல் தொடங்கி டயர் கம்பெனியாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். இந்த ஊரில் பிறந்ததுதான். அப்படிப்பட்ட ஊரின் எல்லையில் என் பின் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது.

எதிரிலேயே கம்ப்ரஸரோடு லாரி பஞ்சர் கடை. சரி, நாம் ஏன் கையை அழுக்காக்க வேண்டும் என்று தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் வால்வைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, ஊசி கணக்கா கீது? ரிம்ல ஓட்டைய பெருசு பண்ணிட்டா சாதா டியூபே போட்டுக்கலாம்." சொல்லும்போதே டிரில்லைத் தேடினார். பிரெஸ்டா என்கிற இந்த ஒல்லி வால்வுக்கு ரிம்மில் 6 மி.மீ. ஓட்டை, மோட்டார் டியூப் வால்வுக்கு 8 மி.மீ. வேண்டும். ஒல்லி ரிம்மில் அப்படித் துளைப்பது எனக்குச் சம்மதமில்லை. வேண்டாம்ண்ணா என்று கையைப் பிடிக்காத குறை. பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவரிடம் டயரை நெம்பிக் கழற்றும் என் பிளாஸ்டிக் லீவரை நீட்டினேன், அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒட்டினார், மாட்டினார். காற்றடிக்க என்னிடம் இருந்த பித்தளை அடாப்டர்தான் காப்பாற்றியது. ஐம்பது ரூபாய்ச் சாமான், பிரெஸ்டா வால்வு வைத்திருப்பவர்கள் பையில் கட்டாயம் போட்டு வையுங்கள். கம்ப்ரஸரில் விட்டு விட்டுத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும், லாரிக்கு அடிப்பது போல அழுத்திப் பிடித்தால் இந்த டியூப் கண் மூடித் திறப்பதற்குள் வெடிக்கும். டயரின் உள்பக்கத்தை மட்டும் அவர் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்துட்டேன் தம்பி, ஒண்ணும் இல்ல." நூற்றைம்பது.

எண்ணூருக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி அதே சக்கரம்.

இந்த முறை நானே உட்கார்ந்தேன், ஒரு டீக்கடை ஓரமாக. டயரைக் கழற்றும் முன் வால்வு டயரில் எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டியூபில் காற்றடித்துக் கன்னத்தருகே வைத்துச் சுற்றினால் ஓட்டை எங்கே என்று சில்லென்று தெரியும். என் ஓட்டை கடைக்காரர் ஒட்டிய இடத்துக்கு அரை விரல் தள்ளி, ரோட்டைப் பார்த்த பக்கம். உள்பக்கம் இருந்தால் ஸ்போக் ஓட்டைகளை மூடும் ரிம் டேப் விலகி ஸ்போக் ஓட்டையின் விளிம்பு குத்துகிறது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் வேறு. டியூபைப் பழையபடி வால்வுக்கு நேராக டயர்மேல் வைத்தால், எதிரி ஒளிந்திருக்கும் இடம் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிடும். விரலால் வேகமாகத் தடவாதீர்கள், கிழித்துவிடும். துணியால் தடவினேன். ஓரிடத்தில் நூல் மாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, உள்ளே டயரை விரித்தபோதுதான் ஒரு முனை மினுக்கியது.

எடுக்கத்தான் முடியவில்லை. நகத்துக்கு அகப்படாது. பக்கத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். "வெளிய இருந்து உள்ள தள்ளுப்பா, அப்பால இழு." அப்படியே செய்தேன், வந்தது. அரை சென்டிமீட்டர்கூட இருக்காது அந்தக் கம்பி. இதற்கா நூற்றைம்பது!

அப்போதுதான் ஒரு குட்டியானைக்காரர் வண்டியை நிறுத்தினார். இரண்டு சைக்கிளையும் பெரம்பூர் கொண்டுபோக எண்ணூறாம். ஐந்நூறு என்றேன். வெயில் ஏறுது சார், யோசிங்க என்று டீ வாங்கிக்கொண்டு நிதானமாக நின்றார், நாங்கள் தோற்பதைப் பார்க்க. அவர் டீயை முடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற வீம்பு வந்துவிட்டது எனக்கு. ஆனால் பேட்ச் ஒட்டுவதில் அவசரம் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய்ப் பிசுபிசுப்பாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. காத்திருந்தேன். அவர் இன்னொரு டீ சொன்னார். ஒட்டி, மாட்டி, கை பம்பால் தோள் கழன்றுவிடும் அளவுக்கு அடித்து, இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எண்ணூறு மிச்சம்.

அந்தச் சந்தோஷத்தில் காசிமேட்டில் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே! தள்ளுவண்டி, பெயர்ப் பலகை இல்லை. நேற்று வைத்த மீன் குழம்பு, புளி ஏறி, எண்ணெய் பிரிந்து, மேலே மாங்காய்த் துண்டு. ஆவி பறக்கும் இட்லியை அதில் முக்கினால் உள்வரை சிவந்துவிடும். கூட ஒரு தட்டு நெத்திலி வறுவல், தலையோடு மொறுமொறுவென்று. மாமா பையன் குழம்பு மூன்று தடவை கேட்டும் அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. "சாப்புடு கண்ணு, சைக்கிள் மிதிச்சிக்கினு வந்துகிறே." இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது. ஒரு பஞ்சரைவிட முப்பது ரூபாய் குறைவு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டியூப்லெஸ் மாற்றலாமா என்றே பேச்சு. இந்த மாதிரி பொடி ஓட்டையை உள்ளே ஊற்றும் சீலன்ட் தானே அடைத்துவிடும், உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில் அது சில மாதத்தில் காய்ந்துவிடும், மறுபடி வாங்கி ஊற்ற வேண்டும். ரிம்மும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். என் பட்ஜெட்டுக்குச் சரிப்படாது. அதைவிட, பிரேமில் இடம் இருந்தால் 25 மி.மீ. டயரிலிருந்து 28-க்குப் போய், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த கெட்டி டயராகப் போடலாம். கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் மாதிரி. கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம், விலையும் கடிக்கும். துறைமுக ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு வேகம் எதற்கு? செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு: வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, டயரில் குத்தி நிற்கும் கண்ணாடியையும் கல்லையும் கிளறி எடுத்துவிடுவது. இன்று என் முன் டயரில் மட்டும் ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு இருந்தது, இன்னும் உள்ளே இறங்கவில்லை.

அடுத்து பழவேற்காடு போகலாம் என்றிருக்கிறோம், மீஞ்சூர், பொன்னேரி வழியாக. கூட வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு டியூப் கொண்டு வாருங்கள். என்னுடையதை இனி யாருக்கும் தருவதாக இல்லை, மாமா பையன் உள்பட.