அச்சகத்துக்கு எத்தனை எஜமானர்கள்?

அமெரிக்கக் காங்கிரசின் விவாதங்களையும் குழு விசாரணைகளையும் இணையத்தில் தேடிப் படிக்கிறவர்களுக்குக் கோவ்இன்ஃபோ என்ற தளம் பழக்கமானதாக இருக்கும். அதை நடத்துவது வாஷிங்டனில் நார்த் கேப்பிடல் தெருவில் செங்கல் கட்டடங்களில் இயங்கும் அரசு வெளியீட்டு அலுவலகம். 2014 டிசம்பர் வரை அதன் பெயர் அரசு அச்சு அலுவலகம் என்றிருந்தது. நானும் அந்தத் தளத்தின் வழியாகத்தான் இந்த நிறுவனத்தை அறிந்தேன். ஆனால் அது வெளியிடும் ஆவணங்களைவிட, அதை யார் ஆள்கிறார்கள் என்ற கேள்விதான் என்னை அதிகம் ஈர்த்தது. சட்டப்படி அது காங்கிரசின், அதாவது நாடாளுமன்றத்தின், கிளை நிறுவனம். அதன் தலைவரை நியமிப்பவரோ செனட்டின் ஒப்புதலோடு குடியரசுத் தலைவர். அதன் வருவாயில் பெரும்பகுதி குடியரசுத் தலைவரின் கீழ் இயங்கும் நிர்வாகத் துறைகள் கொடுக்கும் அச்சு வேலைகளிலிருந்தும் பாஸ்போர்ட்டுகளிலிருந்தும் வருகிறது. இம்மூன்றும் ஒரே கூரையின் கீழ் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, அந்த அலுவலகம் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1819 முதல் காங்கிரசின் இரு அவைகளும் தத்தம் அச்சாளரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்து வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கட்சிப் பத்திரிகை நடத்தியவர்கள். அரசு அச்சு வேலையில் கிடைத்த கொழுத்த லாபம் பத்திரிகைக்கும், பத்திரிகை கட்சிக்கும் ஊட்டம் அளித்தது. இதைக் கட்டுப்படுத்த 1846இல் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுப்பவருக்கு வேலை கொடுக்கும் முறை வந்தது. அதே ஆண்டில்தான் இரு அவைகளின் கூட்டு அச்சுக் குழுவும் உருவாயிற்று. குறைந்த விலை கேட்டவர்கள் தரமற்ற வேலையைத் தாமதமாகக் கொடுத்ததால் அம்முறையும் நீடிக்கவில்லை. பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்கியது: பெயரளவில் ஒருவர் அச்சாளராக இருப்பார், வேலையைச் செய்பவர் வேறொருவராக இருப்பார், லாபம் இருவருக்கும் அவர்களுடைய கட்சிக்கும் பங்காகும். இந்த ஊழலை விசாரித்த பிறகு, 1860 ஜூனில் காங்கிரஸ் தனக்கென ஓர் அச்சகம் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது. அதுவரை அந்த வேலைகளில் பெரும்பங்கைச் செய்துவந்த கார்னீலியஸ் வெண்டெல் என்பவரின் அச்சகத்தையே 1,35,000 டாலருக்கு விலைக்கு வாங்கியது. 1861 மார்ச் 4 அன்று, லிங்கன் பதவியேற்ற அதே நாளில், அலுவலகம் வேலையைத் தொடங்கியது. ஊழலில் பங்கிருந்தவரின் இயந்திரங்களை வைத்தே ஊழலை ஒழிக்கப் புறப்பட்டார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

ஆக, அச்சகத்துக்கு முன்பே கண்காணிப்புக் குழு பிறந்துவிட்டது. அச்சு வேலையில் அலட்சியம், தாமதம், ஒரே வேலையை இருமுறை செய்தல், விரயம் ஆகியவற்றைச் சரிசெய்யத் தேவையென்று தான் கருதும் எந்த நடவடிக்கையையும் அக்குழு எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இவ்வளவு விரிந்த வாசகத்தைச் சட்டங்களில் அரிதாகவே காண முடியும். செனட்டின் விதிகள் குழுவிலிருந்து ஐவர், பிரதிநிதிகள் சபையின் நிர்வாகக் குழுவிலிருந்து ஐவர் எனப் பத்துப் பேர் கொண்ட இக்குழுவுக்கு, அச்சகத் தொழிலாளர்களின் ஊதிய உடன்படிக்கைகளுக்கு ஒப்புதல் தருவது வரை அதிகாரம் உண்டு.

ஆனால் குடியரசுத் தலைவர்கள் இந்த அலுவலகத்தைத் தம்முடையதாகவே கருதிய காலமும் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் இதில் முதலிடம் பெறுவார். 1903இல் பைண்டிங் பிரிவின் உதவி மேற்பார்வையாளர் ஒருவர் தொழிற்சங்கத்திலிருந்து நீக்கப்பட்டதால் வேலையையும் இழந்தபோது, ரூஸ்வெல்ட் நேரடியாகத் தலையிட்டு அவரைத் திரும்பச் சேர்க்க வைத்தார். அரசு வேலைக்குச் சங்க உறுப்பினர் தகுதி நிபந்தனையாகாது என்பது அவர் நிலைப்பாடு. 1906இல் அதைவிட வேடிக்கையான காரியம் ஒன்றைச் செய்தார். முந்நூறு ஆங்கிலச் சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிட வேண்டும் என்று அலுவலகத் தலைவர் சார்லஸ் ஸ்டில்லிங்சுக்கு ஆணையிட்டார். பத்திரிகைகள் கேலிசெய்தன. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை வழக்கமான அகராதிகளின் எழுத்துக்கூட்டலையே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானித்தது. ரூஸ்வெல்ட் பின்வாங்கினார். இதை எழுத்துச் சீர்திருத்தத்தின் தோல்வி என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது நிர்வாக வரலாற்றின் பாடமாகவே படுகிறது. தலைவரை நியமிக்கிறவர் ஒருவர், அவர் அச்சிடும் தாளுக்குப் பணம் ஒதுக்குகிறவர் இன்னொருவர் என்றிருக்கும்போது, இருவரும் முரண்பட்டால் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் வெல்வார்.

நிர்வாகத் துறைகளின் அச்சு வேலைகள் உட்பட அரசின் எல்லா அச்சு வேலையும் இந்த அலுவலகத்தின் வழியாகவே நடக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 44ஆம் பகுதி விதிக்கிறது. நெடுங்காலம் இந்த ஏற்பாடு நீடித்தது. 1983இல் சட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், முறைப்படி சட்டம் இயற்றாமல் காங்கிரசின் ஓர் அவையோ குழுவோ நிர்வாகத்தின் முடிவுகளை ரத்து செய்ய முடியாது என்று தீர்ப்பளித்த பிறகு நிலைமை மாறியது. ஒரு நாடாளுமன்றக் குழுவின் அனுமதி பெற்றுத்தான் ஓர் அமைச்சகம் தன் அறிக்கையை அச்சிட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1996இல் நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று கருத்துத் தெரிவித்தது. 2002 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் வரவு செலவு அலுவலகத்தின் தலைவர் மிட்ச் டேனியல்ஸ் ஒரு சுற்றறிக்கையின் மூலம், துறைகள் மலிவாகவும் தரமாகவும் கிடைக்கும் இடத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அப்போதைய அலுவலகத் தலைவர் புரூஸ் ஜேம்ஸ் வரவு செலவு அலுவலகத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். துறைகள் தமக்கு வேண்டிய அச்சகத்தைத் தேர்ந்துகொள்ளலாம், அலுவலகம் இடைநின்று ஒப்பந்தத்தைக் கவனிக்கும் என்பது அதன் சாரம். சட்டம் இன்றும் மாறவில்லை. அதைப் படிக்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் விலையைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியுமே பேசின. நடுவில் நசுங்கியவர்கள் நூலகர்கள். அலுவலகத்தின் ஆவணக் கண்காணிப்பாளர் பிரிவு, 1895ஆம் ஆண்டின் அச்சுச் சட்டத்தின் வழி வந்தது. நாடெங்கும் ஏறத்தாழ 1,100 நூலகங்களுக்கு அரசு வெளியீடுகள் இலவசமாகக் கிடைக்கச் செய்வது அதன் பொறுப்பு. ஒவ்வோர் அச்சு ஆணையும் ஒரே வாசலில் நுழைந்தபோது, அந்த வாசலிலேயே நூலகங்களுக்கான பிரதிகளையும் சேர்த்து அச்சிட முடிந்தது. துறைகள் தாமே அச்சிடவும், பிறகு தத்தம் இணையதளங்களில் மட்டும் வெளியிடவும் தொடங்கியதும், பட்டியலிலோ நூலகத்திலோ சேராமலே பல வெளியீடுகள் காணாமல் போயின. நூலகர்கள் அவற்றைத் தலைமறைவு ஆவணங்கள் என்கிறார்கள். மையப்படுத்தப்பட்ட அச்சின் உண்மையான பயன் சிக்கனம் அல்ல, இந்தப் பிடிமானம்தான் என்பது என் கருத்து. கூட்டுக் குழு தன் பரந்த அதிகாரத்தை இதற்காகப் பயன்படுத்தியிருந்தால் அதன் இருப்புக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

அன்றாட மேலாண்மையில் அலுவலகத்தை ஒழுங்காக வைத்திருப்பது குழு அல்ல, சுழல்நிதி, அதாவது செய்த வேலைக்கு வாங்கும் கட்டணத்தைக் கொண்டே செலவைச் சமாளிக்கும் ஏற்பாடு. காங்கிரஸ் நேரடியாக ஒதுக்குவது அதன் மொத்த வரவில் சிறு பங்குதான். அது காங்கிரசின் சொந்த வெளியீடுகளுக்கும் நூலகத் திட்டத்துக்கும் போகிறது. மற்றவை விலைப்பட்டியல் அனுப்பி வசூலிக்கப்படுகின்றன. துறைகளின் அச்சு வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தப்புள்ளி கோரி தனியார் அச்சகங்களுக்கே கொடுக்கப்படுகிறது. ஒரு சிறு கட்டணத்தைச் சேர்த்து அலுவலகம் அதைத் துறைகளிடம் வாங்கிக்கொள்கிறது. செலவுக்கு வரவு ஈடாகாவிட்டால் மூழ்க வேண்டியதுதான். 1970களின் தொடக்கத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்த இடத்தில் இன்று இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்களே இருக்கிறார்கள் என்றால், அதற்குக் கணினி அச்சுக்கோப்பும், இணையமும், இந்தக் கணக்கின் கண்டிப்பும் சேர்ந்தே காரணம். 1988இல் தனிச் சட்டத்தால் உருவான தலைமை ஆய்வாளரும் வெளித் தணிக்கையாளரும் கணக்கைப் பார்க்கிறார்கள். ஆய்வாளரை நியமிப்பவர் அலுவலகத் தலைவரே என்பது மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

2013 ஜனவரியில், காங்கிரஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தேசியப் பொது நிர்வாக அகாதமி இந்த அலுவலகத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அலுவலகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது. டிஜிட்டல் யுகத்திலும் அதன் அடிப்படைப் பணி தேவையே, ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அகாதமி சொன்னது. மறு ஆண்டு பெயர் மாறியது, தலைவரின் பதவிப் பெயரும் இயக்குநர் என்றாயிற்று. நூலகத் திட்டத்தை மின்னணுக் காலத்துக்கு ஏற்பத் திருத்தும் சட்ட முன்வரைவு ஒன்று 2018இல் பிரதிநிதிகள் சபையில் வந்தது, நிறைவேறவில்லை. என்னைக் கேட்டால், கூட்டுக் குழுவின் ஊதிய ஒப்புதல் போன்ற நுணுக்க அதிகாரங்களை அலுவலகத்திடமே விட்டுவிடலாம். எங்கே எந்த வடிவில் வெளியிட்டாலும் ஒரு படியை ஆவணக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும், மீறும் நிர்வாகத் துறைகளுக்கு விளைவு உண்டு என்னும் அளவுக்கு இறுக்க வேண்டும். அரசியலமைப்பு வழக்கறிஞர்கள் அதற்கும் ஆட்சேபம் எழுப்புவார்கள். ஆனால் அச்சிட அனுமதி கேட்பதும், அச்சிட்டதில் ஒரு படி கொடுப்பதும் ஒன்றல்ல.