அப்ப அந்த ஆக்கள்?

"இப்போதைக்கு பாஸ் போட்டு விடுங்க" என்றுதான் சொன்னேன். பைதான் நிரல்மொழியில் பாஸ் என்றால் 'ஒன்றும் செய்யாமல் கடந்து போ'. எத்தனையோ தரம் அந்த வசனத்தை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறேன்.

இரவு ஒன்பது மணி. நான் கல்லடியில், தங்கச்சி கல்முனையில் தன் வீட்டில். வட்ஸ்அப் கோல். கூடப்பிறந்தவர் இல்லை, எங்களிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளை. வந்து மூன்று மாதம். பைதானில் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துச் சரத்தை, வெட்டுவது, பிரிப்பது, ஒட்டுவது எல்லாம் ஓரளவு கைக்கு வந்திருந்தது. அதனால்தான் அந்த வேலையைக் கொடுத்தேன். வயல் பகுதிகளை மேற்பார்க்கும் வட்டவிதானைமார் கையால் எழுதிக் கொடுத்த 612 விவசாயிகளின் பெயர்ப் பட்டியல். யாரோ எக்செலில் அடித்து அனுப்பியிருந்தார்கள். காணி அளவு 2-1-20 என்ற மாதிரி இருக்கும். இரண்டு ஏக்கர், ஒரு ரூட், இருபது பேர்ச். ரூட்டுக்கு 40 பேர்ச், ஏக்கருக்கு 160. இடைக்கோட்டில் பிரித்து, மூன்று துண்டையும் எண்ணாக்கி, ஏக்கருக்கு இரண்டு புசல் (நெல் அளவை) வீதம் யாருக்கு எவ்வளவு விதைநெல் என்று எடுக்க வேண்டும். அவ்வளவுதான். விடிந்தால் லொறி வெளிக்கிடுகிறது. பெரும்போக மழை வேறு முந்திக்கொண்டது.

நிரல் பட்டியலின் பதினேழாவது வரியில் நின்றுவிட்டது. வேல்யூ எரர். மூன்று வேண்டும், ஒன்றுதான் கிடைத்தது என்கிறது பைதான். இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரம் வேறு எப்படிச் சொல்லும்?

"சேர், ஒரு வரியில பிழை இருக்குப் போல."

"ட்ரைக்குள்ள போடுங்க தங்கச்சி. பிழையான வரி வந்தா விட்டுட்டு அடுத்ததுக்குப் போகட்டும்."

"எக்செப்டுக்குள்ள என்ன எழுதுற?" ட்ரைக்குள் பிழை வந்தால் ஓடுவதுதான் எக்செப்ட்.

"இப்போதைக்கு பாஸ் போட்டு விடுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அந்த ஆக்கள், சேர்?"

"ஒண்டு ரெண்டுதானே. நாளைக்குப் பார்ப்பம்."

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் நிரலை நிறுத்தி வைத்திருந்தால் 612 பேருக்கும் பட்டியல் இல்லை. லொறி நிற்கும், மழை நிற்காது. இப்படிச் சொல்லும்போது எனக்கே சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஓடி முடிந்ததும் கீழே 569 என்று விழுந்ததை அவர் படமெடுத்து அனுப்பினார். பார்த்தேன். 612 என்ற எண்ணும் எனக்குத் தெரியும். பெருவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். இந்த இடத்துக்கு வரும்போது என் நியாயம் நொண்டத் தொடங்குகிறது.

அடுத்த நாள் பத்து மணிபோல, விநியோகம் நடந்த இடத்திலிருந்து கோல் வந்தது. பெயர் இல்லாமல் நிறையப் பேர் நிற்கிறார்களாம். ஒரு ஐயா மட்டும், "என்ட பேரு வாசிக்கல்லயே மனே" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, கடைசி மூட்டை இறங்கும் வரைக்கும் நின்றாராம். அவர்களுக்கு விதைநெல் போக ஒன்பது நாளாகிவிட்டது. அதற்குள் சிலர் கடனுக்கு வாங்கி விதைத்தும் விட்டார்கள்.

விடுபட்ட 43 பேரையும் தேடி எடுத்தது தங்கச்சிதான். 2-1-20 என்று அடித்தால் அது காணி என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்? தேதி என்று எண்ணி 2/1/2020 ஆக்கிவிடுகிறது. சாய்கோடு வந்த பிறகு இடைக்கோட்டில் பிரித்தால் ஒரே துண்டுதான் மிஞ்சும். 2-0-00 தப்பிவிடும், பூச்சியம் என்று ஒரு நாளோ மாதமோ இல்லையே. 0-2-00 உம் தப்பிவிடும். ஆக, முழு ஏக்கர்க்காரர் பிழைத்தார், ஏக்கருக்குக் குறைந்தவரும் பிழைத்தார். ஏக்கரும் வைத்து அதன்மேல் ரூட்டும் வைத்திருந்தவர்தான் காணாமல் போனார். எங்கள் பக்கம் அப்படி அளவு எங்கிருந்து வருகிறது? ஐந்து ஏக்கர் வயலை மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு 1-2-26 சொச்சம்.

எக்செலில் காணி அளவு அடிக்கும் பத்தியை (column) முதலே டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்துவிட்டு அடித்திருந்தால் ஒன்றும் நடந்திராது. சரி, நடந்துவிட்டது. அப்போதுகூடத் தேதிக்குள் காணி அப்படியே பத்திரமாகக் கிடந்தது. முதல் எண் ஏக்கர், அடுத்தது ரூட், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பேர்ச். 35 பேர்ச்காரர் ஒருவருக்கு 1935 என்று வந்திருந்தது. பிறந்த ஆண்டை யாரோ மாறி அடித்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். பத்து நிமிஷ வேலை. பழைய பதிவேட்டோடு பெயர்களை ஒப்பிடத்தான் கூட நேரம் எடுத்தது. 'யோ'வில் தொடங்கும் பெயர்கள் பொருந்தவே இல்லை. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 'ஓ'காரக் குறி ஒரே குறியீடாகவும், மற்றதில் இரட்டைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் கிடந்தது. ஒப்பிடுவதற்கு முன்னால் யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தங்கச்சியே தேடிப் படித்துச் செய்தார்.

பிறகு கூட்டம். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "எக்செல் காணிய தேதியா மாத்திட்டுது" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எக்செலோடு கோபம் இல்லாத ஆள் கந்தோரில் யார்? எல்லாரும் தலையாட்டினார்கள். தங்கச்சி பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதைக்கூட விடலாம். வெளியே வரும்போது அவரிடம், "நீங்க கவலப்படாதீங்க, எல்லாருக்கும் நடக்கிறதான்" என்றேன். அந்த நேரம் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, யாருடைய பிழைக்கு யாருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன் என்று. அவர் "இல்ல சேர்" என்றார். எதற்கு இல்லை என்று இன்றுவரை பிடிபடவில்லை.

நிரலை அவரே திருத்தினார். வேல்யூ எரரை மட்டும் பிடிக்கும். வெறும் எக்செப்ட் போட்டால் நாம் பிழையாக எழுதிய மாறியின் (variable) பெயர்கூடச் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டுவிடும் என்பது நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பாடம். பிழையான வரி ஒவ்வொன்றும் வரி எண், கிடந்தபடியே உள்ள எழுத்து, காரணம் என்று தனிக் கோப்புக்குப் போகும். முடிவில் வந்தது எத்தனை, கணக்கில் சேர்ந்தது எத்தனை, ஒதுங்கியது எத்தனை என்று மூன்று எண்ணும் வரும். அதைத்தான் இப்போது புதுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். நிரல் நிற்பது நல்லது, நிற்க விடுங்கள் என்கிறேன்.

ஆனால் இரவில் தானாக எஸ்எம்எஸ் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பாஸ் இருக்கிறது. எந்த வரியில் என்றும் தெரியும். ஒரு இலக்கம் பிழை என்பதற்காக மற்ற எல்லாருக்கும் போகாமல் நிற்கலாமா? திரும்பவும் அதே லொறி, அதே மழை. இன்னும் எடுக்கவில்லை.

தங்கச்சி இப்போது கொழும்பில் வேலை. ஒதுங்கிய வரிகள் போய் விழும் கோப்புக்கு அவர் வைத்த பெயர் 'அந்த_ஆக்கள்'. குத்தலாக வைத்தாரா, வேறு பெயர் வராமல் வைத்தாரா, நான் கேட்கவில்லை. போன கிழமை புதிதாக வந்த தம்பி ஒருவர், "இத எரர்ஸ் எண்டு மாத்தவா சேர்?" என்றார். கிடக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன், எக்செலில் இருந்து.