அமெரிக்க மருத்துவமனையில் யூனியன் அமைத்த அனுபவம்

பென்சில்வேனியாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் இரவு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு ஏழெட்டு நோயாளிகள் என்பது வழக்கமாகிப் போயிருந்தது. கலிபோர்னியாவில் பொது வார்டில் ஐந்து பேருக்கு மேல் கொடுக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று கிடையாது. வலி தாங்காமல் மணி அடிப்பவரையா, மூச்சுத் திணறுபவரையா, யாரைக் காக்க வைப்பது என்று ஒவ்வோர் இரவும் தவித்தோம். மேலிடத்தில் சொன்னால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு சரி. யூனியன் பேச்சு அதில்தான் தொடங்கியது. சம்பளம் அடுத்துத்தான் வந்தது.

கிரீன் கார்டில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் யூனியன் வேண்டும் என்று கையெழுத்துப் போடலாமா என்ற பயம் இருந்தது. போடலாம். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. தனியார் நிறுவன ஊழியராக இருந்து, மேற்பார்வையாளர் பதவியில் இல்லாவிட்டால் பெரும்பாலும் போதும். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாததால்தான் வாயே திறப்பதில்லை.

முதல் வேலை, யூனியன் வேண்டும் என்று எழுதிய அட்டைகளில் கையெழுத்து வாங்குவது. முப்பது சதவீதம் பேர் கையெழுத்திட்டால் அரசின் தொழிலுறவு வாரியத்திடம், யூனியன் வேண்டுமா என்று முடிவுசெய்யும் தேர்தல் கேட்டு மனு கொடுக்கலாம். நிர்வாகம் நெருக்கும்போது பலர் பின்வாங்குவார்கள் என்பதால், அதற்கு வெகுவாக மேலே போன பிறகே மனு கொடுத்தோம். நோயாளிகள் இருக்கும் இடத்தில் அட்டையை நீட்டக் கூடாதென்று நிர்வாகம் தடை போடலாம். இடைவேளையில், உணவகத்தில் கேட்பதைத் தடுக்க முடியாது. எனவே எங்கள் அட்டைகள் பெரும்பாலும் காலையில் ஷிப்ட் முடிந்து காபி குடிக்கும் மேசையில்தான் நிரம்பின.

மனு போனதும் கூட்டங்கள் ஆரம்பித்தன. வேலை நேரத்திலேயே எங்களை அழைத்து உட்கார வைத்து, வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் பேசினார்கள். யூனியன் வெளியாள், நமக்குள் பேசித் தீர்க்கலாம், சந்தா சம்பளத்தைத் தின்றுவிடும் என்றெல்லாம் நயமாகச் சொன்னார்கள். இப்படி ஊழியர்களின் மனத்தை மாற்ற அமர்த்தப்படுபவர்கள், 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் துறைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். அந்த அறிக்கையை ஒரு தோழி அச்சடித்துக் கொண்டுவந்தாள். நோயாளிகளைக் கவனிக்க ஆள் போட இல்லாத பணம் இதற்கு எங்கிருந்து வந்தது என்ற அவள் கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

வாக்குப்பதிவு மருத்துவமனையின் கூட்ட அறையிலேயே நடந்தது. எங்கள் தரப்புப் பார்வையாளராக நான் உட்கார்ந்திருந்தேன். வாரிய அதிகாரி அட்டைப் பெட்டியை எங்கள் கண்ணெதிரே மடித்து, காலியாக இருப்பதைக் காட்டி, ஒட்டி முத்திரையிட்டார். ஷிப்டில் வார்டுப் பொறுப்பைப் பார்க்கும் சார்ஜ் நர்ஸ்கள் மேற்பார்வையாளர்கள், வாக்களிக்க முடியாது என்று நிர்வாகம் ஆட்சேபித்ததால் அவர்களுடைய சீட்டுகள் தனி உறைக்குள் போயின. இரவு நர்ஸ்கள் கண் சிவக்க வந்து ஒரு குறி போட்டுவிட்டு, பேச்சே இல்லாமல் போனார்கள். எண்ணிக்கையில் உறைகளைத் திறக்கத் தேவைப்படாத அளவுக்குப் பெரும்பான்மை கிடைத்தது.

வென்றதோடு எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்: நிர்வாகம் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதில்லை. ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தார்கள். பேச்சுவார்த்தைக்குத் தேதி கொடுப்பதற்கே மாதக்கணக்கானது. உற்சாகமாக இருந்தவர்களில் சிலர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

ஆனால் ஒரு மாற்றம் உடனே வந்தது. மருந்து தாமதமானதற்காக ஒரு சக நர்ஸை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யூனியன் உள்ள இடத்தில், தண்டனையில் முடியக்கூடிய விசாரணைக்குப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ள 1975ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உரிமை தருகிறது. ஊழியர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும், மேலாளர் நினைவுபடுத்தமாட்டார். அவள் கேட்டாள், நான் போய் உட்கார்ந்தேன். அன்று அவள் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு, குறிப்பில் எழுதச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. காரணம் சொல்லாமலே வேலையிலிருந்து நீக்கலாம் என்பது பொதுவிதியாக உள்ள நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

கடைசியில் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தோம். மருத்துவமனை என்பதால் பத்து நாள் முன்னறிவிப்பு கட்டாயம். நோயாளிகளை விட்டு வெளியே நிற்பதை நினைத்து எங்களில் பலர் அழுதோம். நோட்டீஸ் போன பிறகுதான் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் மேசைக்கு வந்தார்கள். கெடு முடியும் முன் உடன்பாடு வந்தது.

மூன்றாண்டு ஒப்பந்தம். எங்கள் வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து பேர் என்ற வரம்பு எழுத்தில் இருக்கிறது. மீறினால் புகார், அதிலும் தீராவிட்டால் நடுவர். அவசரப் பிரிவுக்கு நாங்கள் கேட்ட வரம்பு கிடைக்கவில்லை. இப்போது அங்கே ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள் என்று தேதி போட்டு எழுதி வருகிறோம். அடுத்த பேச்சுவார்த்தையில் முதலில் வைக்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.